குளிர் மழையில் அமெச்சூர் சாலை சைக்கிள் பந்தயம்: தொடக்கக் கோட்டிலிருந்து இறுதிக் கோடு வரை ஒரு முழுமையான வழிகாட்டி

தென் இங்கிலாந்தில் அமெச்சூர் சாலை சைக்கிள் பந்தயங்கள் மார்ச் மாதத்தில் களைகட்டத் தொடங்கும். அந்த மாதத்து ஞாயிற்றுக்கிழமைக் காலையில் 4 அல்லது 5 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையும், விட்டு விட்டுப் பெய்யும் மழையும், முகத்தில் அறையும் ஈரக்காற்றும் இருப்பது அங்கே புதுமை அல்ல. பிரிட்டிஷ் சைக்கிளிங் அமைப்பின் உரிமம் பெற்று, தொடக்கநிலையாளர்களுக்கான நான்காம் பிரிவில் முதன்முதலாகப் போட்டியிட வருகிறவர்களில் பலர் இப்படிப்பட்ட ஒரு காலையில்தான் பந்தயம் என்றால் என்னவென்று அறிகிறார்கள். மழை பெய்தால் வெக்கை தணியும் என்று பழகி வளர்ந்த நம்மவர்களுக்கு, மழையே உடலின் சூட்டைப் பறித்துக்கொண்டு போகும் என்பது முதல் முறை நனையும்வரை உறைக்காது.

என் முதல் மார்ச் பந்தயத்தில் நான் 25 நிமிடங்கள்தான் தாக்குப்பிடித்தேன். கால்களில் வலு மிச்சம் இருந்தது, மூச்சும் சீராகத்தான் இருந்தது. ஆனால் வலது கையால் கியர் மாற்ற முடியவில்லை. பிரேக்கை எவ்வளவு அழுத்துகிறேன் என்பதும் விரல்களுக்குத் தெரியவில்லை. விலகி வந்து நின்றபோது ஹெல்மெட் வாரின் கொக்கியைக் கழற்றக்கூட விரல்கள் மடங்கவில்லை. கொடி பிடித்து நின்ற ஒரு பெண்மணி தம் கையுறையை உருவிவிட்டு, என் தாடைக்குக் கீழே கைவிட்டு அதைக் கழற்றிக் கொடுத்தார். குளிர் மழையில் கால்கள் தோற்பதற்கு முன்பே கைகள் தோற்றுவிடும் என்பதை அன்று கற்றேன். பிரேக் பிடிப்பதும், கியர் மாற்றுவதும், உண்பதும், தண்ணீர்ப் புட்டியை எடுப்பதும் கைகளின் வேலை. ஆகவே பந்தயத்துக்கு முன்னும் நடுவிலும் பின்னும் செய்யும் ஒவ்வொன்றையும் கைகள் உயிரோடு இருக்க வேண்டும் என்ற ஒரே அளவுகோலால் தீர்மானிப்பதே நான் பின்பற்றும் முறை.

உடல் சூட்டை இழக்கும் விதம்

காற்றின் வெப்பநிலை 5 டிகிரியாக இருக்கும்போது மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் சென்றால், திறந்திருக்கும் தோல் உணர்வது ஏறத்தாழ மைனஸ் 1 டிகிரிக் குளிர். இது உலர்ந்த தோலுக்கான கணக்கு. நீர் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு அதிகமாக வெப்பத்தைக் கடத்தும் என்பதால், நனைந்த துணி தோலோடு ஒட்டிக்கொண்டதும் இழப்பு பன்மடங்காகிறது. உடலின் நடுப்பகுதி குளிரத் தொடங்கினால், இதயத்தையும் மற்ற உள்ளுறுப்புகளையும் காப்பதற்காக உடல் கைகால்களுக்குச் செல்லும் இரத்தத்தைக் குறைத்துவிடும். விலை உயர்ந்த கையுறை அணிந்தவரின் விரல்களும் மரத்துப்போவது இதனால்தான். அவருடைய மார்பும் வயிறும் நனைந்து குளிர்ந்திருக்கும். கைகளைக் காக்க விரும்புகிறவர் முதலில் நெஞ்சைக் காக்க வேண்டும்.

இது தொழில்முறை வீரர்களையும் விட்டுவைத்ததில்லை. 1980 ஏப்ரலில் பெல்ஜியத்தில் பனி கொட்டிய லியேஜ்–பஸ்தோன்–லியேஜ் பந்தயத்தில் தொடங்கிய 174 பேரில் 21 பேர்தான் முடித்தார்கள். பெர்னார் ஈனோ 9 நிமிடங்களுக்கு மேல் முன்னிலையில் வென்றார். ஆனால் அவருடைய இரண்டு விரல்களில் அன்று ஏற்பட்ட குளிர் பாதிப்பு முழுமையாக நீங்கவே இல்லை. அத்தனை பெரிய வெற்றிக்கும் அவர் கொடுத்த விலை அது. அமெச்சூர் பந்தயத்தில் எந்தப் பரிசும் அந்த விலைக்கு ஈடாகாது என்பதால், கீழே சொல்லும் எச்சரிக்கைகளைத் தயங்காமல் கடைப்பிடியுங்கள்.

முதல் படி: சில வாரங்களுக்கு முன்பே மழையில் ஓட்டிப் பழகுங்கள்

பந்தய நாளில் அணியப்போகும் அதே உடையில், அதே டயர்களில், குறைந்தது இரண்டு முறையாவது குளிர் மழையில் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் ஓட்டிப் பாருங்கள். எந்தக் கையுறை எத்தனை நிமிடத்தில் நனைகிறது, கண்ணாடியில் எப்போது ஆவி படிகிறது, எந்தப் பையில் வைத்த உணவை மரத்த விரல்களால் எடுக்க முடிகிறது என்பவற்றை வேறு எந்த வழியிலும் தெரிந்துகொள்ள முடியாது. போக்குவரத்து இல்லாத ஓரிடத்தில், ஒரே வளைவைப் பத்து முறை சுற்றி, ஈரத்தில் எவ்வளவு முன்பாகப் பிரேக் பிடிக்க வேண்டும் என்பதையும் அளந்துகொள்ளுங்கள். ஆஸ்துமா உள்ளவர்களும், குளிரில் விரல்கள் வெளுத்து உணர்விழக்கும் ரேனோ நோய் உள்ளவர்களும் முதலில் மருத்துவரிடம் பேசிவிட வேண்டும்.

இரண்டாம் படி: முந்தைய நாள் வண்டியை ஆயத்தப்படுத்துதல்

டயரிலிருந்து தொடங்குங்கள். 28 மில்லிமீட்டர் அகலமுள்ள டயர் ஈரச் சாலைக்கு நல்ல தேர்வு. 25 என்றாலும் சமாளிக்கலாம். உலர்ந்த நாளில் நீங்கள் வைக்கும் காற்றழுத்தத்திலிருந்து 5 முதல் 8 பிஎஸ்ஐ (காற்றழுத்த அலகு) வரை குறைத்தால், டயர் சாலையைக் கூடுதலாகத் தழுவிப் பிடிக்கும். தயாரிப்பாளர் குறித்திருக்கும் குறைந்தபட்ச அளவுக்குக் கீழே மட்டும் போக வேண்டாம். மழை நாளில் பஞ்சர் அதிகம் ஆவதற்குக் காரணம் உண்டு: ஈரமான ரப்பரைக் கூரிய கல் எளிதாக வெட்டும், அந்தக் கல்லையும் நீர் டயரோடு ஒட்டவைத்துவிடும். தென் இங்கிலாந்தின் கென்ட், சரே பகுதிகளின் சாலைகளில் மழை அரித்துக் கொண்டுவரும் தீக்கற்சில்லுகள் கண்ணாடித் துண்டுபோல் வெட்டக்கூடியவை. வேலியோரங்களை வெட்டிய பின் சிதறிக் கிடக்கும் முட்களும் அப்படியே. எனவே டயரின் மேற்பரப்பை விரலால் தடவி, பழைய வெட்டுகளில் சிக்கியிருக்கும் சில்லுகளை ஊசி முனையால் நெம்பி எடுத்துவிடுங்கள்.

பிரேக் கட்டைகள் பாதிக்கு மேல் தேய்ந்திருந்தால் தயக்கமின்றி மாற்றுங்கள். ஈர மணலும் சேறும் கலந்த ஒரே பந்தயத்தில் ரிம் பிரேக் கட்டைகள் அடிவரை தேய்ந்து, உலோகம் ரிம்மை உராயும் சத்தம் கேட்ட அனுபவம் எனக்கு உண்டு. டிஸ்க் பிரேக் ஈரத்தில் சீராகப் பிடிக்கும் என்றாலும், அதன் கட்டைகளும் சேற்றில் விரைவாகவே கரையும். செயினைச் சுத்தம் செய்து, நன்கு துடைத்து, மழைக்கென விற்கும் கெட்டியான எண்ணெயை ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு வீதம் இட்டு, இரவு முழுவதும் ஊறவிட்டுக் காலையில் மேற்புறத்தைத் துடைத்துவிடுங்கள்.

மூன்றாம் படி: உடை

பருத்தியை அறவே தவிர்த்துவிடுங்கள். அது நீரைக் குடித்துப் பிடித்துவைத்துக்கொள்ளும். தோலை ஒட்டி மெல்லிய மெரினோ கம்பளியாலோ செயற்கை இழையாலோ ஆன உள்ளாடை இருக்க வேண்டும். அதன்மேல் காற்றைத் தடுத்து மழையைப் பெரிதும் விலக்கும் இறுக்கமான ஜெர்சி வேண்டும். 2013 மார்ச்சில் பனிப்பொழிவால் நடுவில் நிறுத்தப்பட்டு, வீரர்கள் பேருந்தில் ஏற்றிச் செல்லப்பட்டு, பின் மீண்டும் தொடங்கிய மிலான்–சான் ரெமோ பந்தயத்துக்குப் பிறகு இவ்வகை ஜெர்சி எங்கும் பரவியது. முழுமையாக நீர் புகாத மழைச்சட்டை அதிக வேகத்தில் உள்ளேயே வியர்வையால் நனைத்துவிடும். தொளதொளவென்று காற்றில் படபடத்து வேகத்தையும் உறிஞ்சும். ஒரு மணி நேரச் சுற்றுப்பாதைப் பந்தயத்துக்கு அது தேவையில்லை என்பது என் கருத்து. மூன்று மணி நேரச் சாலைப் பந்தயம் என்றால், மடித்துப் பையில் வைக்கக்கூடிய மெல்லிய ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். அது ஒளி ஊடுருவும் வகையாக இருப்பது நல்லது, ஏனெனில் முதுகில் குத்தியிருக்கும் எண்ணை நடுவர்கள் எந்நேரமும் பார்க்க முடிய வேண்டும்.

கையுறை விஷயத்தில் பனிச்சறுக்கு விளையாட்டுக்கான பருத்த கையுறைகளை நான் பரிந்துரைப்பதில்லை. அவை நனைந்ததும் கனத்துத் தொங்கும். பிரேக்கின் தொடு உணர்வும் அவற்றில் தெரியாது. நியோப்ரீன் என்ற செயற்கை ரப்பரால் ஆன கையுறை நனைந்த பிறகும் சூட்டைத் தக்கவைக்கும் இயல்புடையது. அதை இறுக்கமான அளவில் வாங்க வேண்டும், தளர்வாக இருந்தால் உள்ளே புதிய குளிர்நீர் வந்துகொண்டே இருக்கும். அதற்கு அடியில் மருத்துவமனைகளில் பயன்படும் மெல்லிய நைட்ரைல் கையுறையை அணிந்துகொண்டால் உள்ளங்கை வியர்த்தாலும் விரல்கள் நெடுநேரம் உணர்வோடு இருக்கின்றன. ஒரு பந்தயத்தில் இதை அணிந்து ஓட்டிவிட்டுக் கழற்றியபோது, என் விரல் நுனிகள் குளித்து முடித்த குழந்தையின் விரல்கள்போல் சுருங்கி, ஆனால் இளஞ்சிவப்பாகவும் வெதுவெதுப்பாகவும் இருந்தன. நீண்ட பந்தயத்தில் உலர்ந்த இன்னொரு சோடியை நெகிழிப் பையில் கட்டி முதுகுப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

கால்களுக்கு நியோப்ரீன் ஷூ உறை. ஷூவின் அடியில் காற்றோட்டத்துக்காக விட்டிருக்கும் துளைகளை உட்புறமாக நாடா ஒட்டி அடைத்துவிடுங்கள். கீழிருந்து பீய்ச்சும் நீர் அதன் வழியாகத்தான் ஏறுகிறது. 8 டிகிரிக்குக் கீழே என்றால் நீர் ஒட்டாத துணியாலான முழங்கால் உறை அணிவதே நல்லது. அதற்கு மேலிருந்தால் வெறுங்காலில் சூடேற்றும் தைலம் தடவி, அதன்மேல் மெல்லியதாக வாஸலின் பூசிக்கொள்ளலாம். இதில் வரிசை முக்கியம்: முதலில் சைக்கிள் கால்சட்டையை அணிந்துவிட்டுப் பிறகுதான் தைலத்தைத் தொட வேண்டும், தடவி முடித்ததும் சோப்புப் போட்டுக் கையைக் கழுவ வேண்டும். மிளகாயின் காரச்சத்து கலந்த அந்தத் தைலம் கண்ணிலோ மென்மையான வேறு இடத்திலோ பட்டால் அன்றைய பந்தயத்தை மறந்துவிட வேண்டியதுதான். தலையில் ஹெல்மெட்டுக்கு அடியில் முன்விளிம்புள்ள துணித் தொப்பி அணிந்தால் மழைத்துளி கண்ணாடியில் நேராக விழாது. கண்ணாடி நிறமற்றதாக இருக்கட்டும். முன்சக்கரங்கள் வாரி இறைக்கும் மணலிலிருந்து கண்ணைக் காப்பது அது ஒன்றுதான் என்பதால் முடிந்தவரை கழற்றாதீர்கள்.

நான்காம் படி: பந்தயக் காலை

தொடங்குவதற்கு இரண்டரை முதல் மூன்று மணி நேரம் முன்பு, வழக்கமாக உண்ணும் உணவையே சூடாக உண்ணுங்கள். சென்றதும் கையெழுத்திட்டு எண்ணை வாங்கிக்கொண்டு, ஜெர்சியை உடலில் அணியாமல் காருக்குள் மடியில் விரித்து, விரல்கள் சூடாக இருக்கும்போதே ஊக்குகளைக் குத்திவிடுங்கள். மழையில் நின்றுகொண்டு குத்தும் எண் காற்றில் பிய்ந்து ஆடும்.

பாதையை ஒரு சுற்று மெதுவாகப் பார்த்துவிட்டு வருவது கட்டாயம். வெள்ளைக் கோடுகள், சாக்கடை மூடிகள், ஈர இலைக்குவியல், நீர் தேங்கும் பள்ளம், மழை கரைத்த எண்ணெய் வானவில்போல் மினுங்கும் இடம் ஆகிய ஒவ்வொன்றையும் மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள். நெடுநாள் வறட்சிக்குப் பின் பெய்யும் முதல் மழையின் தொடக்க நிமிடங்கள்தான் மிகவும் வழுக்கும். அதன் பிறகு சூடேற்றும் பயிற்சியை நனையாத இடத்தில், நின்ற இடத்திலேயே மிதிக்க உதவும் பயிற்சிச் சட்டத்தில் வண்டியைப் பூட்டி 15 முதல் 20 நிமிடம் செய்யுங்கள். வியர்த்து வழியும் அளவுக்குச் செய்தால் அந்த ஈரமே பிறகு குளிரும். தொடக்கக் கோட்டுக்குக் கடைசி நேரத்தில் செல்லுங்கள். அங்கே நிற்கும்போது பழைய கம்பளிச் சட்டை ஒன்றை மேலே போட்டிருந்து, நடுவர் புறப்பாட்டுக்கு அழைக்கும்போது உடன் வந்தவரிடம் கழற்றிக் கொடுங்கள். உடன் வருபவர் ஒருவர் இருப்பது இந்த நாளில் பெரும் பலம்.

ஐந்தாம் படி: பந்தயத்துக்குள்

முதல் வளைவிலிருந்தே முன்வரிசையில், முதல் பத்து பதினைந்து பேருக்குள் இருக்கப் பாருங்கள். ஈரத்தில் எல்லாரும் வளைவுக்கு முன் பிரேக் பிடிப்பார்கள். முன்னால் இருப்பவர் இலேசாகக் குறைத்தால் நாற்பதாவது ஆள் ஏறத்தாழ நின்றே விடுகிறார், பிறகு பிடிப்பதற்காக எழுந்து முழு வேகத்தில் மிதிக்கிறார். சுற்றுக்கு நான்கு வளைவு என்றால் இது நான்கு முறை நடக்கும். மிதிக்காமல் உருளும் ஒவ்வொரு நொடியும் உடல் குளிர்கிறது, பாய்ந்து மிதிக்கும் ஒவ்வொரு முறையும் கால்கள் கரைகின்றன. முன்னால் இருப்பதற்காகக் காற்றைச் சற்றுக் கூடுதலாக வாங்கினாலும், கணக்கில் அது இலாபமே. முன்செல்பவரின் பின்சக்கரத்துக்கு நேர்ப்பின்னால் வராமல் ஓரிரு கை அகலம் பக்கவாட்டில் விலகிச் சென்றால் நீர் முகத்தில் அடிக்காது. ஆனால் உங்கள் முன்சக்கரம் அவருடைய பின்சக்கரத்தைத் தாண்டி நுழையவே கூடாது.

வளைவை எடுக்கும் முறை இது. வண்டி நிமிர்ந்து நேராகச் செல்லும்போதே இரண்டு பிரேக்குகளையும் சமமாக, மென்மையாகப் பிடித்து, தேவையான வேகத்துக்கு இறங்கிவிடுங்கள். ரிம் பிரேக் என்றால் கட்டைகள் ரிம்மிலுள்ள நீரைத் துடைக்கவே சக்கரம் சில சுற்றுகள் சுற்ற வேண்டியிருக்கும் என்பதால், முன்கூட்டியே இலேசாகத் தொட்டுவிட்டுப் பிறகு அழுத்துங்கள். வளைவுக்குள் நுழையும்போது பிரேக்கை விட்டுவிட வேண்டும். வெளிப்புறப் பெடல் கீழே, உடல் எடை அந்தப் பாதத்தின்மேல், உட்புற முழங்கால் மேலே, பார்வை வளைவின் முடிவில். கைப்பிடியை இறுகப் பற்றாமல் தோள்களைத் தளர்த்திவையுங்கள். பயந்து விறைத்த கைதான் பெரும்பாலும் வழுக்கிவிடுகிறது. வெள்ளைக் கோட்டைக் கடக்க நேர்ந்தால் வண்டியைச் சாய்க்காமல் நிமிர்த்திக் கடந்துவிட்டுப் பிறகு சாயுங்கள்.

மலைப்பாதை உள்ள பந்தயத்தில் ஏற்றம் உங்களைச் சூடாக்கும், இறக்கம்தான் ஆபத்து. 1988 ஜூன் 5 அன்று, இத்தாலியில் பல நாள்கள் நடக்கும் ஜீரோ தித்தாலியா பந்தயத்தில், பனிப்புயலுக்கு நடுவே கவியா கணவாயை முதலில் கடந்தவர் யோகான் வான் டெர் வெல்டே. அரைக்கை ஜெர்சியோடு உச்சியைத் தொட்ட அவர், இறக்கத்தில் குளிர் தாங்காமல் நின்றுவிட்டு, அன்றைய இறுதிக் கோட்டை அடைந்தபோது சுமார் 47 நிமிடங்கள் பின்தங்கியிருந்தார். முன்கூட்டியே தடித்த உடைகளையும் சூடான தேநீரையும் ஆயத்தமாக வைத்திருந்த அணியைச் சேர்ந்த ஆண்டி ஹாம்ப்ஸ்டன் அன்று, ஒட்டுமொத்த முன்னிலையில் இருப்பவர் அணியும் இளஞ்சிவப்பு ஜெர்சியைப் பெற்றார், அந்த ஜீரோவையும் வென்றார். எனவே உச்சிக்கு முன்பே, கைகள் சூடாக இருக்கும்போதே மழைச்சட்டையின் ஜிப்பை இழுத்துவிடுங்கள். இறக்கத்தில் விசை தேவைப்படாத நேரத்திலும் கால்களைச் சுற்றிக்கொண்டே இருங்கள், விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டிக்கொண்டே இருங்கள்.

குளிரில் தாகம் தெரியாது, பசியும் தாமதமாகவே தெரியும். ஆனால் நடுங்கும் தசைகள் மாவுச்சத்தை வேகமாகச் செலவழிக்கின்றன. ஒன்றரை மணி நேரத்துக்கு மேற்பட்ட பந்தயத்தில் மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து என்று கணக்கு வைத்து, 20 நிமிடத்துக்கு ஒரு முறை கொஞ்சம் கொஞ்சமாக உண்ணுங்கள். உறைகளை வீட்டிலேயே பாதி கிழித்துவைத்துவிடுங்கள். குழைய வடித்த சோற்றில் வெல்லமும் சிறிது உப்பும் சேர்த்து, தட்டில் அழுத்தி ஆறவைத்து வெட்டிய துண்டுகள் மரத்த விரலுக்கும் எளிதாக அகப்படும், வயிற்றுக்கும் இதமானவை. புட்டியில் சூடான இனிப்புத் தேநீரை ஊற்றிக்கொண்டால் முதல் அரைமணி நேரத்துக்காவது அது சூடாக இருக்கும். பண்ணைச் சாலைகளில் சாணமும் சேறும் புட்டியின் வாயில் தெறிக்கும். மூடியுள்ள புட்டி இல்லையென்றால் குடிப்பதற்கு முன் ஒரு பீய்ச்சலை வெளியே விட்டுவிடுங்கள், வயிற்றுக்கோளாறு தவிர்க்கப்படும்.

பாதித் தூரம் கடந்ததும் கூட்டம் பாதியாகக் குறைந்திருப்பதைப் பார்ப்பீர்கள். பலர் மனத்தளவில் தொடக்கக் கோட்டிலேயே திரும்பிவிட்டவர்கள். ஆயத்தமாக வந்தவருக்கு இதுவே வாய்ப்பு: வழுக்கலான வளைவை முதலாவதாக, சீராக எடுத்து வெளியே வந்து உடனே வேகத்தைக் கூட்டினால், பின்னால் இருப்பவர்கள் அந்த இடைவெளியை மூட மிகவும் திணறுவார்கள். இறுதிப் பாய்ச்சலுக்கான கியரை 500 மீட்டருக்கு முன்பே தேர்ந்துவிடுங்கள், விரல்கள் அப்போது மெதுவாகத்தான் கேட்கும். சாலைக் குறியீடுகளின்மேல் எழுந்து நின்று மிதிக்காதீர்கள், பின்சக்கரம் அங்கே பிடிப்பின்றிச் சுழலும்.

எப்போது விலக வேண்டும்

நடுக்கம் இருப்பது உடல் போராடுகிறது என்பதற்கு அடையாளம். நடுக்கத்தோடு பேச்சுக் குழறுவது, எந்தச் சுற்று என்பது மறப்பது, காரணமின்றி எரிச்சலோ அலட்சியமோ வருவது, நேர்கோட்டில் செல்ல முடியாமல் தள்ளாடுவது ஆகியவற்றில் எது தென்பட்டாலும் விலகிவிடுங்கள். உடலின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே போவதை நோக்கிய பாதை அது. குளிரும்போதே நடுக்கம் நின்றுவிட்டால் அது அவசர மருத்துவ நிலை. பிரேக்கை எவ்வளவு அழுத்துகிறோம் என்பது தெரியாமல் போனால், உடல் நன்றாக இருந்தாலும் விலகுவதே முறை, ஏனெனில் அப்போது நீங்கள் விழுந்தால் பின்னால் வருபவர்களும் விழுவார்கள். கையை உயர்த்திக் காட்டி, ஓரமாக ஒதுங்கி, நடுவரிடமோ கொடி பிடித்தவரிடமோ சொல்லிவிட்டுச் செல்லுங்கள்; சொல்லாமல் போனால் அவர்கள் உங்களை மழையில் தேட வேண்டியிருக்கும். மற்றொருவரிடம் இந்த அறிகுறிகளைக் கண்டாலும் உடனே தெரிவியுங்கள்.

ஆறாம் படி: முடிந்த பின்பு முதல் பத்து நிமிடங்கள்

மிதிப்பதை நிறுத்திய பின்னும் உடலின் உள்வெப்பம் சிறிது நேரம் இறங்கிக்கொண்டே இருக்கும். நின்று கதை பேசாமல் நேராக உலர்ந்த இடத்துக்குச் செல்லுங்கள். பையில் பொருள்களை எடுக்கும் வரிசையிலேயே அடுக்கியிருக்க வேண்டும்: மேலே பெரிய துண்டு, அடுத்துக் கம்பளித் தொப்பி, அடுத்து மேலாடைகள், பிறகு கால்சட்டை, அடியில் காலுறை. மேலுடம்பை முதலில் உலர்த்தி உடுத்துங்கள். பொத்தானும் நுண்ணிய ஜிப்பும் உள்ள உடைகள் வேண்டாம், அவை அந்தக் கைகளுக்கு எட்டாதவை. வெந்நீர்க்குடுவையில் சுக்குக் காப்பியோ சூப்போ வைத்திருந்தால் இரண்டு கைகளாலும் குவளையைப் பற்றிச் சிறு சிறு மிடறாகக் குடியுங்கள். மரத்த கைகளைக் கொதிநீரில் விடாதீர்கள். சூடு தெரியாமல் தோல் வெந்துவிடும். அக்குளுக்கடியில் வைத்து மெல்லச் சூடாக்குங்கள். நடுக்கம் முற்றிலும் நிற்கும்வரை கார் ஓட்டக் கூடாது.

வீடு திரும்பியதும் வண்டியை அன்றே கவனியுங்கள். குறைந்த அழுத்தத்தில் நீர் ஊற்றிச் சேற்றைக் கழுவி, பேரிங் உள்ள இடங்களில் பீய்ச்சாமல் துணியால் துடையுங்கள். செயினை உலர்த்தி எண்ணெயிடுங்கள், பிரேக் கட்டைகளில் பதிந்த மணலையும் உலோகத் துகள்களையும் எடுத்துவிடுங்கள், டயரை மீண்டும் ஒரு முறை தடவிப் பாருங்கள். இருக்கைத் தண்டை உருவிவிட்டு வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்தால், சட்டத்துக்குள் தேங்கிய நீர் நீங்கள் எதிர்பார்ப்பதைவிட அதிகமாகவே வெளியே கொட்டும். ஷூக்களின் உட்பட்டையை வெளியே எடுத்துவிட்டு உள்ளே செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, படுக்கப்போகும் முன் அந்தத் தாள்களை ஒரு முறை மாற்றிவிடுங்கள். ஹீட்டர் மேல் வைத்தால் பசை விட்டுப்போகும். காற்றாடும் மூலையில் வைத்தாலே மறுநாள் மாலைக்குள் காய்ந்துவிடும்.